அம்மாவின் துளசித் தொட்டியும் 392 ஜூலும்

வணக்கம் மக்களே, காற்றுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மொட்டை மாடியில் நிற்கிறேன். கீழே மோட்டார் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், டேங்க் நிறைவதற்குள் பேசி முடிக்கணும்.

இதோ, கைப்பிடிச் சுவர் மேல் அம்மாவின் துளசித் தொட்டி. மண், ஈரம் எல்லாம் சேர்த்து 5 கிலோ (காலையில் தராசில் வைத்தேன், திட்டும் வாங்கினேன்). இன்றைக்குப் பேச்சு நிலை ஆற்றல் பற்றி, அதாவது உயரத்தில் இருக்கிற பொருள் கீழே இறங்கும்போது கொடுக்கக்கூடிய ஆற்றல். அதற்குப் பள்ளிக்கூடச் சூத்திரம்தான்: நிறை (கிலோவில்), 9.8 (புவியீர்ப்புக்கான எண்), உயரம் (மீட்டரில்), மூன்றையும் பெருக்கினால் ஆற்றலின் அலகான ஜூலில் விடை வரும். சரி, உயரம் எவ்வளவு? மாடித் தரையிலிருந்து அளந்தால் 1 மீட்டர், 49 ஜூல். தெருவிலிருந்து அளந்தால் 8 மீட்டர், 392 ஜூல். இரண்டுமே சரியான விடைதான்! இந்தப் பக்கம் சாய்ந்தால் தொட்டி உடையும், அம்மா இரண்டு நாள் பேசமாட்டார், அவ்வளவுதான். அந்தப் பக்கம் சாய்ந்தால் தெருவைத் தொடும்போது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம், கீழே யாராவது ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தால்... வேண்டாம், நினைக்கவே வேண்டாம். ஆற்றல் தொட்டிக்குள்ளேயே எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்துத்தான் நான் பல வருடம் குழம்பினேன். அது தொட்டிக்கும் பூமிக்கும் நடுவே இருக்கிற கணக்கு, எவ்வளவு தூரம் இறங்க வழியிருக்கிறதோ அவ்வளவுதான் கைக்கு வரும்.

எங்கள் வீட்டு முற்றத்துக் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், முதல் மாடி ஷவரில் மட்டும் அழுதுகொண்டே வரும். இரண்டு தடவை ஷவரை மாற்றியும் பார்த்தாயிற்று. டேங்க் ஒன்றுதான், ஆனால் முற்றத்துக்கு 8 மீட்டர் இறங்குகிற தண்ணீர் ஷவருக்கு 3 மீட்டர்தான் இறங்குகிறது. ஷவர் என்ன செய்யும், பாவம்.

அப்புறம் ஒன்று. சம்ப்பிலிருந்து 1000 லிட்டரை 10 மீட்டர் ஏற்றினால் 98,000 ஜூல், கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் கரண்ட் பில்லில் வரும் 1 யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அந்தக் கணக்கில் நிரம்பிய டேங்கில் 0.03 யூனிட்கூட இல்லை! மாடி டேங்கை வைத்தே வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம் என்கிற வீடியோக்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் இதே வேலையைச் செய்கிறார்கள், மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள்; அங்கே மேலே ஓர் அணையே நிற்கிறது, இறங்கும் உயரமும் சில நூறு மீட்டர்.

அடடா, டேங்க் வழிகிறது, சத்தம் கேட்கிறதா? இருங்கள், மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன், அதற்கு முன்னால் இந்தத் துளசியைக் கீழே இறக்கி வைக்கணும்.