டிவி வால்வில் ஆம்ப்ளிஃபையர் செய்யலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மூடிய டிவி ரிப்பேர் கடையில் பிசிஎல் 82 வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) நாலு கிடைத்தது. அது ஆடியோவுக்கு ஆகாது, இஎல் 84 வாங்கு என்கிறார்கள். சரியா?"

தாராளமாக ஆகும் தம்பி. பாண்டி சண்டே மார்க்கெட்டிலும் இதே கதைதான். இஎல் 84 என்றால் விலையை ஏற்றுவார்கள், பி-யில் ஆரம்பித்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த முதல் எழுத்து வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டரைப் பற்றியது, அவ்வளவுதான். இ என்றால் 6.3 வோல்ட். பி என்றால் 300 மில்லி ஆம்பியர். டிவியில் எல்லா ஹீட்டரையும் சீரீஸாக, ஒன்றன்பின் ஒன்றாக மாட்ட வேண்டுமே, அதற்காக. அடுத்து வரும் சி என்றால் சிக்னலைப் பெருக்கும் டிரையோட், எல் என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பெண்டோட். இரண்டும் ஒரே கண்ணாடிக்குள். 1926-லேயே ஜெர்மனியில் லோவே கம்பெனி மூன்று டிரையோடை, ரெசிஸ்டர் கப்பாசிட்டரோடு சேர்த்து, ஒரே வால்வில் அடைத்திருக்கிறது. ஐசிக்குப் பெரியப்பா என்றே சொல்லலாம்.

ஆக, இசிஎல் 82-க்கு வரைந்த சர்க்யூட் உங்களுக்கு அப்படியே பொருந்தும். ஹீட்டருக்கு மட்டும் 16 வோல்ட் வேண்டும். கடையில் கிடைக்கும் 15 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரில் இரண்டு வால்வைப் பேரலலாக மாட்டினால் 0.6 ஆம்பியர்தான் இழுக்கும். லோடு குறைவு என்பதால் பெரும்பாலும் 16-ஐ ஒட்டியே நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டிரையோடின் மியூ, அதாவது பெருக்கும் அளவு, 70. செல்போனில் இருந்து வரும் பாட்டுச் சிக்னலுக்கு அது தாராளம். ஒரு வால்வு ஒரு சேனல், சுமார் 3 வாட். உங்களிடம் நாலு இருப்பதால் ஸ்டீரியோ போக இரண்டு ஸ்பேர்.

கவனிக்க வேண்டிய இடம் பெண்டோட். அதன் ஆனோடு (எலக்ட்ரான் போய்ச் சேரும் தகடு) தாங்குவது 7 வாட். இஎல் 84 தாங்குவது 12. பழைய ரேடியோவில் இஎல் 84-க்குப் போட்ட, ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் 5 கிலோ ஓம் அளவில் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம். அந்த ரேடியோவின் 250 வோல்ட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். 200 வோல்ட் போதும். கேதோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) 390 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் மேல் 15 வோல்ட் அளவில் வருகிறதா என்று பாருங்கள். அதிகம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு, டிரையோடையும் பெண்டோடையும் இணைக்கும் கப்ளிங் கப்பாசிட்டர் லீக் ஆகிறதா என்று தேடுங்கள். பழைய பேப்பர் கப்பாசிட்டர் என்றால் சோதிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

இசிஎல் 86 கிடைத்தால் விடாதீர்கள். ஆடியோவுக்கென்றே செய்தது, ஹம் (உறுமல் சத்தம்) குறைவு. ஆனால் அடியில் இருக்கும் பின்களின் (ஊசிக்கால்களின்) வரிசை வேறு, 82 சாக்கெட்டில் செருகிவிடாதீர்கள்.

அப்புறம், கடலோரத்தில் கிடந்த வால்வு. பின்கள் கறுத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்துகொள்ளலாம். கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளி நிறப் பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அதை மாட்டாதீர்கள்.