உரிமையை உலையில் போட்டால் சோறாகுமா?

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற உறவுகளே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆப்பிரிக்காவில் வேலைக்கு அனுப்பப்படும் குழந்தைகளைக் காக்கப்போவது உரிமையா, வருமானமா என்பது தலைப்பு. நான் உரிமையின் பக்கம். நான்கு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் முடிக்கும்போது ஒன்று கேட்டார் பாருங்கள், "உரிமை உரிமை என்கிறீர்களே, அதை உலையில் போட்டால் சோறாகுமா?" என்று. பந்தலே கைதட்டியது. அதைக் கேட்டதும் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

சோறு கிடைத்துவிட்டால் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்கிறீர்கள் அண்ணே. சரி, சோறு கிடைத்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் மவுரித்தானியா என்று ஒரு நாடு. பெரும்பகுதி சகாரா மணல். அடிமை முறையை ஒழித்துவிட்டதாக அந்த நாடு அறிவித்ததே 1981-ல்தான், உலகத்திலேயே கடைசியாக. அறிவித்தார்களே தவிர, அடிமை வைத்திருப்பது குற்றம் என்று சட்டம் வர 2007 ஆகிவிட்டது. அங்கே ஒரு வீட்டில் அடிமைகளாகவே பிறந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். ஒட்டகம் மேய்க்க வேண்டும், வீட்டு வேலை பார்க்க வேண்டும், கூலி கிடையாது, அடி உண்டு. சாப்பாடு உண்டா? உண்டு. அந்த வீட்டார் சாப்பிடுகிற சாப்பாடு மட்டும் கிடையாது. படுக்க இடம் உண்டா? உண்டு, அவர்கள் படுக்கிற அறையில் மட்டும் கிடையாது. வீட்டுப் பிள்ளைகள் படிக்கப் போவார்கள், இந்த இரண்டு பேரும் ஒட்டகத்தின் பின்னால் போவார்கள். உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது அண்ணே. அந்தச் சோற்றைக் காட்டித்தான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

2011-ல் இருவரும் தப்பினார்கள். அந்த 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்ததால் புகார் கொடுக்க முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் எஜமானுக்குத் தண்டனை. அந்தச் சட்டம் வந்து நான்கு வருடத்தில் அதன் கீழ் கிடைத்த முதல் தண்டனை அது. எத்தனை ஆண்டு? இரண்டு. சட்டம் குறைந்தது ஐந்து என்று சொல்லும்போது இரண்டு கொடுத்தார்கள், ஆளும் சில மாதங்களில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். அண்ணன் சிரிக்கிறார், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று கேட்கத் தயாராக இருக்கிறார். பொறுங்கள் அண்ணே, கதை முடியவில்லை.

ஆப்பிரிக்க நாடுகள் தாங்களே கூடி எழுதிய ஒரு சாசனம் இருக்கிறது, குழந்தைகளின் உரிமைக்கும் நலனுக்குமானது. 1990-ல் ஏற்றுக்கொண்டார்கள், 1999-ல் நடைமுறைக்கு வந்தது. குழந்தையை வேலை வாங்கிச் சுரண்டக் கூடாது என்று அதன் 15-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்வதோடு விடவில்லை, மீறினால் குழந்தையின் சார்பில் ஓர் அமைப்போ தனி ஆளோ நிபுணர் குழுவிடம் மனுப் போடலாம் என்று வழியும் வைத்திருக்கிறது. அந்தச் சகோதரர்களுக்காக மனுப் போட்டார்கள். 2017 டிசம்பரில் முடிவு வந்தது: மவுரித்தானிய அரசு இந்தப் பிள்ளைகளைக் காக்கத் தவறிவிட்டது. ஒட்டகம் மேய்த்த இரண்டு பையன்களுக்கு ஓர் அரசாங்கம் பதில் சொல்ல வேண்டி வந்தது! அந்த முடிவு வருவதற்கு முன்பே, 2015-ல், அந்த நாடு தண்டனையைப் பத்து முதல் இருபது ஆண்டு வரை என்று உயர்த்திப் புதிய சட்டமும் போட்டது. எந்த ஊர்ச் சோறு அண்ணே இதைச் செய்யும்?

வருமானம் உயர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிரணி அக்கா சொன்னதையும் தொட்டுவிட்டுப் போகிறேன். கானாவும் ஐவரி கோஸ்ட்டும்தான் உலகத்தின் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. கொக்கோ காயை எப்படி உடைப்பார்கள் தெரியுமா? ஒரு கையில் காயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீளமான வெட்டுக்கத்தியை அதன்மேல் இறக்க வேண்டும். கத்தி ஒரு விரல்கடை தள்ளி இறங்கினால் போச்சு. அந்த வேலையை ஏழாவது எட்டாவது படிக்க வேண்டிய பிள்ளை செய்கிறது. 2008-க்கும் 2019-க்கும் இடையில் அந்த இரண்டு நாடுகளிலும் கொக்கோ விளைச்சல் 62 சதவீதம் ஏறியது. அதே காலத்தில், கொக்கோ விளையும் பகுதிகளின் விவசாயக் குடும்பங்களில் இந்த வேலையில் சிக்கிய குழந்தைகள் 31 சதவீதத்திலிருந்து 45 ஆனார்கள். விளைச்சல் ஏற ஏற வேலைக்கு இன்னும் சின்னக் கைகளைத் தேடினார்கள் அக்கா. 2001-ல் அமெரிக்காவில், அடிமை உழைப்பு இல்லாத சாக்லேட் என்று முத்திரை குத்தச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். கம்பெனிகள் அதைத் தடுத்து, சட்டம் வேண்டாம், 2005-க்குள் நாங்களே மிக மோசமான குழந்தை உழைப்பை ஒழித்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தன. 2005 போனது, 2008 போனது, 2010 போனது. 2018-19 பருவத்தில் எண்ணிப் பார்த்தால் அந்த இரண்டு நாட்டுக் கொக்கோத் தோட்டங்களில் 15 லட்சத்துக்கு மேல் குழந்தைகள்.

இப்போது கென்யாவுக்கு வருவோம். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

2001-ல் கென்யா குழந்தைகள் சட்டம் போட்டது, அடிப்படைக் கல்வி இலவசம், அது குழந்தையின் உரிமை என்று. 2003 ஜனவரியில் அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணம் ரத்தானது. பத்து லட்சத்துக்கு மேல் புதிய பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். டிசம்பர் வரை இவர்கள் எங்கே இருந்தார்கள்? மாட்டுக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவில், யார் வீட்டுப் பாத்திரத்துக்கு முன்னாலோ. டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில் அவர்கள் அப்பா அம்மா பணக்காரர் ஆகிவிட்டார்களா? கட்டணம் என்பதும் பணம்தானே என்று அண்ணன் கேட்பார். பணம்தான். ஆனால் அதுவரை, யாராவது மனம் இரங்கிக் கட்டினால்தான் ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு. ஜனவரியிலிருந்து, தகப்பன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். மறுக்க முடியாது.

அடுத்த வருடம், 2004 ஜனவரி, எல்டொரெட் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் ஒருவர் சேர்ந்தார். பெயர் கிமானி மருகே. வயது எண்பத்து நான்கு.

பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். எண்பத்து நான்கு! ஆறு வயதில் படிக்க வேண்டிய ஒன்றாம் வகுப்பு. பிரிட்டிஷ்காரர்களை எதிர்த்து மாவ் மாவ் போராட்டத்தில் நின்றவர், பேரப்பிள்ளை எடுத்தவர். அதே பள்ளிக்கூடத்தில் அவருடைய பேரப்பிள்ளைகள் மேல் வகுப்பில் படிக்கிறார்கள், தாத்தா ஒன்றாம் வகுப்பு. அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, பள்ளிச் சீருடை, காதில் கேட்கும் கருவி, கையில் ஊன்றுகோல். அந்தக் கோலத்தில் குழந்தைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து பென்சில் பிடித்து எழுத்துக் கூட்டுகிறார். எதற்காம்? பைபிளைத் தானே படித்துப் பார்க்க வேண்டுமாம், யாரும் வாசித்துச் சொல்லாமல். மறு வருடம் அந்தப் பள்ளிக்கு மாணவர் தலைவர் யார் என்கிறீர்கள்? தாத்தாதான். அதே வருடம் செப்டம்பரில், வாழ்நாளில் முதல் தடவையாக விமானம் ஏறி, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் மாநாட்டுக்குப் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி வேண்டும் என்று பேசினார்.

அந்த வகுப்பறையைக் கண்ணை மூடிக் கொஞ்சம் பாருங்கள். ஒரு பக்கம் ஆறு வயதுப் பிள்ளை, நேரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இவர், எழுபத்தெட்டு வருடம் தாமதம். அந்த எழுபத்தெட்டு வருடத்தை யார் எடுத்துக்கொண்டது? இன்றைக்கும் சகாராவுக்குத் தெற்கே மட்டும் எட்டரைக் கோடிக்கு மேல் குழந்தைகள் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு எண்பத்து நான்கு வயதுவரை காத்திருக்க ஆயுள் இருக்கும்?

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்றீர்கள் அக்கா. 2007 டிசம்பரில் கென்யாவில் தேர்தல் நடந்தது, அதன் பிறகு கலவரம். தாத்தாவின் உடைமைகள் எல்லாம் கொள்ளை போயின. கூடாரம் போட்ட அகதி முகாமில் போய் விழுந்தார். அங்கிருந்து பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். படிப்பை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தவர், மறுபடி கிளம்பிவிட்டார். அப்புறம் நைரோபிக்குப் போக வேண்டி வந்தபோது அங்கே ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார். 2009 ஆகஸ்டில் இறந்தார்.

அண்ணே, அந்த முகாமிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் அவரை ஒரு காலை நேரம் நினைத்துப் பாருங்கள். வீடு போய்விட்டது, கையில் ஊன்றுகோல், வகுப்பு தொடங்கிவிடுமே என்று வேகமாக நடக்கிறார். அவரை நிறுத்தி, "தாத்தா, இதை உலையில் போட்டால் சோறாகுமா?" என்று உங்களால் கேட்க முடியுமா? என்னால் முடியாது.

வணக்கம்.