அளவு ஜாக்கெட்டும் 5.7 பாயும்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கிறேன். ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் ஊர்ப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், விண்ட்சர்ஃபிங் ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. அதே பாய், அதே மாஸ்ட், அதே பூம். ஆனால் கட்டுகிற ஒவ்வொரு நாளும் வேறு யாருடைய பாயையோ பிடித்திருப்பது போல இருக்கிறது. எங்கெங்கே குறி போட வேண்டும்? என்ன நிற டேப் ஒட்டலாம்?"

புதியவர்களுக்கு ஒரு வரி: விண்ட்சர்ஃபிங் என்றால் பாய் கட்டிய பலகையில் நின்று காற்றில் கடலில் ஓட்டுவது; பாய் என்பது காற்றைப் பிடிக்கும் துணி, அதைத் தாங்கும் கம்பம் மாஸ்ட், நாம் கையில் பிடிக்கும் சட்டம் பூம். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதே குறிகளைத் தப்பாகப் போட்டு முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான். அந்தக் கதை அப்புறம்.

முதலில் பாயில் அச்சிட்டிருக்கும் எண்கள். என் 5.7 சதுர மீட்டர் பாயின் அடிப்பகுதியில் லஃப் 428, பூம் 178 என்று இருக்கிறது. இந்த இரண்டும் சென்டிமீட்டர் கணக்கு. லஃப் என்றால் மாஸ்ட்டை ஒட்டிய பக்கம். என் மாஸ்ட் 400. அப்படியானால் அடியில் செருகும் எக்ஸ்டென்ஷனை 28-ல் வைக்க வேண்டும். கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். இதை மார்க்கரால் எக்ஸ்டென்ஷனில் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. 428 என்பது கம்பெனிக்காரர் தன் மாஸ்ட்டில், தன் காற்றில் பார்த்துப் போட்ட எண். உங்கள் மாஸ்ட் வேறு மாதிரி வளையலாம். ஒரே 400 நீளத்திலேயே மெலிந்த மாஸ்ட்டும் தடித்த மாஸ்ட்டும் இருக்கின்றன. வளைவதும் மாஸ்ட்டுக்கு மாஸ்ட் மாறும்: சில உச்சியில் அதிகம் வளையும், சில நடுவில். நண்பரிடம் மாஸ்ட் கடன் வாங்கிய அன்றைக்கு உங்கள் குறி எதுவும் செல்லாது.

நம் வீட்டுப் பெண்கள் தையல்காரரிடம் போனால் என்ன செய்வார்கள்? டேப் வைத்து அளந்துகொள்ளச் சொல்வதில்லை. பையில் இருந்து நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அளவு ஜாக்கெட். பாய்க்கும் அதுதான் வேண்டும். உங்களுக்கு நன்றாகப் பொருந்திய ஒரு நாளின் அளவு.

ஆகவே தம்பி, நீங்கள் எங்கே என்று கேட்டீர்கள். எப்போது என்று கேட்டிருக்கலாம். கரையில் கட்டி முடித்தவுடன் குறி போடாதீர்கள். அச்சிட்ட எண்படி கட்டி, கடலில் இறங்கி, ஒரு நாள் அவுட்ஹாலை, அதாவது பாயைப் பூமின் வாலை நோக்கி இழுக்கும் கயிற்றை, ஒரு சென்டிமீட்டர் தளர்த்தி, இன்னொரு நாள் டவுன்ஹாலை, அதாவது பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றை, இன்னும் கொஞ்சம் இழுத்து, ஒரு மணி நேரம் ஓட்டி, 'ஆகா, இன்றைக்குக் கை வலிக்கவே இல்லையே' என்று தோன்றுகிற அன்றைக்கு, கரைக்கு வந்து அவிழ்ப்பதற்கு முன்னால் போடுங்கள். ஈரக்கையோடு. நாம் என்ன செய்கிறோம்? களைப்பில் கயிற்றை உருவிவிட்டு டீக்கடைக்கு ஓடுகிறோம். அளவு ஜாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு அடுத்த வாரம் தையல்காரரிடம் என்ன கொடுப்பது?

சரி, இப்போது எங்கே. டவுன்ஹால் முதலில். என்னை 'டவுன்ஹால் சார்' என்றே சிலர் எழுதுகிறீர்கள், இருக்கட்டும். அந்தக் கயிற்றிலேயே குறி போடுகிறவர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள். புதுக் கயிறு நீளும், குறியும் அதோடு நகரும். பாயின் அடியில் இருக்கும் கப்பிக்கும் எக்ஸ்டென்ஷன் கப்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். எனக்கு ஒன்றரை விரல். அந்த நிலையில் மேலே லீச், அதாவது பாயின் பின் விளிம்பு, எந்த பேட்டன் (பாயில் குறுக்கே செருகியிருக்கும் குச்சி) வரை தொளதொளவென்று இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் பாயிலேயே ஒரு புள்ளி வையுங்கள். சில பாய்களில் கம்பெனியே புள்ளி அச்சிட்டுத் தருகிறது. கரையில் பார்க்கச் சுருக்கமே இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும் பாய், காற்று வலுத்ததும் வயிற்றைப் பின்னால் தள்ளும். பின்கை கழன்றுவிடும் போல் இழுக்கும். உடனே அவுட்ஹாலை முறுக்குவார்கள். பழைய பேச்சுகளில் சொன்னதுதான், இன்னொரு தடவையும் சொல்கிறேன்: முதலில் டவுன்ஹாலைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டரே பாயை மாற்றிவிடும்.

அவுட்ஹாலுக்கு பூமின் வால்பகுதியில் குறி. அங்கே இருக்கும் எண்களை மணலும் உப்பும் ஒரு வருடத்தில் தின்றுவிடும். ஹார்னஸ் லைனுக்கு, அதாவது இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டும் கயிற்றுக்கு, பூமின் முன் முனையில் இருந்து அளந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம். வாலில் இருந்து அளக்காதீர்கள், வால்தான் நீட்டிச் சுருக்குகிற பகுதியாயிற்றே. பலகையில் மாஸ்ட் நிற்கும் இடத்தை மட்டும் வாலில் இருந்து அளக்கலாம். பலகை நீளாது.

இப்போது என் முதுகுக் கதை. 5.7 பாயில் பூம் தோள் உயரத்தில் அருமையாக உட்கார்ந்த ஒரு நாள், மாஸ்ட்டில் அந்த இடத்தில் கோடு போட்டேன். பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வலுத்தது. 5.0 பாயைக் கட்டினேன். அதன் லஃப் 410. எக்ஸ்டென்ஷனைப் பத்தில் வைத்தேன். பூமைக் கோட்டில் மாட்டினேன். கடலில் போனால் நாற்று நடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டே ஓட்டுகிறேன்! காற்றைத் திட்டினேன், பலகையைத் திட்டினேன். இரவு தைலம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. எக்ஸ்டென்ஷன் 28-ல் இருந்து பத்துக்கு இறங்கினால் மாஸ்ட்டும் பதினெட்டு சென்டிமீட்டர் இறங்கும். கோடும் அதோடு இறங்கும். கிட்டத்தட்ட ஒரு சாண்! கோடு மாஸ்ட்டுக்குச் சொந்தம் என்று நினைத்தேன், அது 5.7 பாய்க்குச் சொந்தம். இப்போது மாஸ்ட்டில் இரண்டு கோடுகள், பக்கத்தில் பாயின் அளவை எழுதி வைத்திருக்கிறேன். அளவு ஜாக்கெட்டும் அப்படித்தானே, அக்காவுடையதைக் கொடுத்தால் தங்கைக்குப் பொருந்துமா?

இன்னொன்று. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டவுன்ஹால், அவுட்ஹால், பூம் உயரம் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு எது உதவியது என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல?

நிறம் கேட்டீர்கள், மறக்கவில்லை. என் பூம் கறுப்பு, அதனால் வெள்ளை. டேப் வேண்டாம், நம் வெயிலில் பசை உருகிக் கையில் பிசுபிசுக்கிறது. மார்க்கர் ஒரு சீசன் தாங்காது. எனக்கு நின்றது நகப்பூச்சு. காய்ந்த இடத்தில் இரண்டு பூச்சு பூசி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மகளுடைய புட்டியை எடுத்து மாட்டிக்கொண்டேன். நீங்கள் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.