மாயா அரையிறுதி அன்றைக்கு ஏற்காட்டில் சிக்னல் இல்லை!

வணக்கம் மக்களே. காற்று சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏற்காட்டில் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன். சேலத்துக்கு இறங்கும் வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. மாயா ராஜேஷ்வரன் ரேவதி! 2025 மும்பை ஓப்பன் டென்னிஸ் அரையிறுதி! வயது 15! கோயம்புத்தூர்ப் பொண்ணு. நம்ம புது பஸ் ஸ்டாண்டில் காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், அவ்வளவு பக்கம்.

ஜெயிக்கவில்லை. ஸ்விட்சர்லாந்தின் ஜில் டைக்மானிடம் 3-6, 1-6. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன், ஆனால் முதலில் சிக்னல் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது.

பெரியம்மா வீட்டு விசேஷம், வராமல் இருக்க முடியாது. சரி, போனில் ஸ்கோர் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் சிக்னல் வரும், போகும். மேலே வந்தால் வீட்டுக்குள் சுத்தமாக இல்லை. சமையலறை, வாசல், மிளகுக்கொடி ஏறிய மரத்தடி, எங்கே நின்றாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பந்தியில் உட்காரச் சொல்கிறார்கள், நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு காபித் தோட்டத்துக்குள் நடக்கிறேன். கடைசியில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் ஓக் மரம், அதன் இடது பக்கம் நின்றால் இரண்டு கோடு வந்தது. வலது பக்கம் வந்தால் போச்சு! முழு மேட்சும் அந்த இடது பக்கம்தான். எனக்கு அந்த மரத்தை அவ்வளவு பிடித்துவிட்டது, நாளைக்குக் கிளம்பும்போது அதோடு ஒரு போட்டோ எடுக்கப்போகிறேன்.

சரி, மேட்ச். டைக்மான் யார் என்று தெரியாமல் "தோற்றுட்டாளாமே" என்று பந்தியிலேயே ஒருவர் சொன்னார். எனக்கு வந்த கோபம்! 2021இல் அமெரிக்காவின் சின்சினாட்டி போட்டியில், கிராண்ட் ஸ்லாம் ஜெயித்த நவோமி ஒசாகாவைத் தோற்கடித்து இறுதி வரைக்கும் போனவர் டைக்மான். உலகத் தரவரிசையில் 21 வரை ஏறியவர். பத்தாம் வகுப்புப் படிக்கிற வயதில் ஒரு பொண்ணு அவருக்கு எதிரே நின்று முதல் செட்டில் மூன்று கேம் எடுத்திருக்கிறாள்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். மாயா நேராக மெயின் டிராவுக்குள், அதாவது முக்கியப் போட்டிக்குள் வரவில்லை. தகுதிச்சுற்றில் ஆடி, அங்கே ஜெயித்து, அப்புறம்தான் உள்ளே வந்தாள். காலிறுதியில் ஜப்பானின் மெய் யமாகுச்சியை 6-4, 3-6, 6-2. இரண்டாவது செட் போன பிறகு மூன்றாவதை அப்படி எடுத்தாள் பாருங்கள், எனக்கு அரையிறுதியைவிட அதுதான் பெரிசு. செட் போனதும் தோள் தொங்கிப்போகிற பெரியவர்களையே எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்.

இது டபிள்யூடிஏ 125 போட்டி. டபிள்யூடிஏ என்றால் உலகப் பெண்கள் டென்னிஸை நடத்துகிற அமைப்பு. பட்டம் வென்றால் 125 புள்ளி; விம்பிள்டன் மாதிரி கிராண்ட் ஸ்லாம் என்றால் 2000. தரவரிசைப் பட்டியலில் பெயர் வரவே மூன்று போட்டிகளில் புள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தம் பத்துப் புள்ளியாவது வேண்டும். பல பேர் டபிள்யூ15 என்கிற கீழ்மட்டப் போட்டிகளில் ஊர் ஊராக அலைந்து ஒன்று ஒன்றாகச் சேர்ப்பார்கள். அங்கே மொத்தப் பரிசுப் பணமே 15,000 டாலர், அதையும் ஆடுகிற எல்லோருக்கும் பிரித்துத்தான் கொடுப்பார்கள். விமான டிக்கெட், ரூம், கோச் செலவு எல்லாம் வீட்டுக் கையில் இருந்துதான். இவள் ஒரே வாரத்தில் அந்தப் படியைத் தாண்டிவிட்டாள்.

இப்போது என் எரிச்சல். அதற்குள் "அடுத்த சானியா", "விம்பிள்டன் எப்போ" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. சானியா மிர்சா 2005இல் ஹைதராபாத்தில் டபிள்யூடிஏ பட்டம் ஜெயித்தபோது வயது 18. இவளுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, விடுங்களேன்! அமெரிக்காவின் ஜெனிஃபர் கேப்ரியாட்டி தெரியுமா? 1990இல் 14 வயதில் பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்டெஃபி கிராஃபைத் தோற்கடித்துத் தங்கம். அப்புறம் அழுத்தம் தாங்காமல் ஆட்டத்தையே விட்டு ஒதுங்கினார். 2001இல்தான் ஆஸ்திரேலிய ஓப்பனும் பிரெஞ்சு ஓப்பனும் ஜெயித்தார். சின்னப் பிள்ளைகள் வருஷத்துக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று டபிள்யூடிஏ வைத்திருக்கிற வயது வரம்பு அவர் பட்ட பாட்டுக்கு அப்புறம்தான் கடுமையானது. அதனால் அடுத்த மாதம் மாயா பெயர் எங்கேயும் காணவில்லை என்றால் "காணாமல் போய்ட்டாள்" என்று தயவுசெய்து பேசாதீர்கள். ஸ்பெயினின் மயோர்காவில் ரஃபேல் நடால் அகாடமியில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, அங்கே நிம்மதியாகக் கற்றுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, என் அண்ணன் பொண்ணு டென்னிஸ் பழகுகிறாள், பழைய வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அவளிடம் நான் ஸ்கோரைச் சொல்லவில்லை, தகுதிச்சுற்றில் இருந்து ஒவ்வொரு மேட்சாகச் சொன்னேன். "அப்போ எனக்கும் தகுதிச்சுற்று இருக்கா அத்தை?" என்று கேட்டாள். இருக்கிறது கண்ணு, நிறைய இருக்கிறது.

டபிள்யூ15, அதற்கு அடுத்த படியான டபிள்யூ35 போட்டி ஸ்கோர்களை எங்கே எப்படிப் பார்ப்பது என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். அதைச் சேலத்தில் உட்கார்ந்துதான் எடுப்பேன்.