சிவப்பணுவில் மட்டும் ஓய்ந்திருக்கும் மரபணு

வணக்கம் நேயர்களே. மரபணு என்றாலே ஒருவரிடம் இருக்கும், இன்னொருவரிடம் இருக்காது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான மரபணுக்கள் எல்லோரிடமும் உண்டு. எந்தச் செல்லில், எவ்வளவு வேலை செய்கிறது என்பதிலும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இதற்கு டஃபி மரபணுவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

வைவாக்ஸ் மலேரியாக் கிருமி, சிவப்பணுவின் மேலுள்ள டஃபி புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் வழக்கமாக உள்ளே நுழைகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுவில் அந்தப் புரதமே கிடையாது. அந்தப் புரதம் இல்லாதவர்களை வைவாக்ஸ் தாக்குவது வெகு அரிது என்பதை லூயிஸ் மில்லர் குழுவினர் 1976-இல் காட்டினார்கள்.

சரி, புரதம் ஏன் இல்லை? மரபணு கெட்டுப்போயிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 1995-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பார்த்தபோது, புரதத்துக்கான பகுதி பழுதில்லாமல் இருந்தது. அதற்குச் சற்று முன்னால், ஏ, சி, ஜி, டி என்ற நான்கு டி.என்.ஏ. எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. டி இருக்க வேண்டிய இடத்தில் சி. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும்போது கேட்டா-1 என்ற புரதம் வந்து ஒட்டி, மரபணுவை இயக்கிவிடும் இடம் அது. எழுத்து மாறியதால் கேட்டா-1 ஒட்டவில்லை. ரத்தக்குழாயின் உட்சுவரிலோ டஃபி புரதம் எப்போதும்போல உருவாகிறது. ஒரே உடம்பில், ஒரே மரபணு, ஓரிடத்தில் ஓய்ந்தும் இன்னோரிடத்தில் இயங்கியும் இருக்கிறது! இந்தப் பாதுகாப்பு முழுமையானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்; மடகாஸ்கரில் இப்படிப்பட்டவர்களுக்கும் வைவாக்ஸ் தொற்றியிருக்கிறது.

அப்புறம், கென்யாவின் அம்போசெலிக்கு வருவோம். அங்கே 1971 முதல் மஞ்சள் பபூன் குரங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவருகிறார்கள். அவற்றுக்கு ஹெபட்டோசிஸ்டிஸ் என்ற, மலேரியாக் கிருமியின் உறவுக்கார ஒட்டுண்ணி தொற்றும். எல்லாக் குரங்குகளுக்கும் ஒரே மாதிரி தொற்றுவதில்லை. ஜென்னி டங், சூசன் ஆல்பர்ட்ஸ் முதலானோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வித்தியாசம் டஃபி மரபணுவை இயக்கும் பகுதியிலுள்ள எழுத்து மாற்றங்களோடு சேர்ந்தே வருவது தெரிந்தது. அதே மாற்றங்கள் அந்த மரபணு இயங்கும் அளவையும் மாற்றின. காட்டுக் குரங்குகளிடம் கண்டதை ஆய்வகச் செல்களிலும் சோதித்து உறுதிசெய்தார்கள்.

மனிதர், பபூன் இரண்டின் மூதாதையரும் பிரிந்து 2 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இருந்தும் இரண்டு இனத்திலும் மாற்றம் நேர்ந்தது புரதத்தில் அல்ல, அதை இயக்கும் பகுதியில். நன்றி, வணக்கம்.