காவடி பேனருக்குக் கரடுமுரடான எழுத்து: எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

வணக்கம், மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரிலிருந்து பேசுகிறேன். தைப்பூசக் காவடிக்கு பேனர், டீ-ஷர்ட் வேலைகள் தொடங்கிவிட்டன. எல்லோரும் கேட்பது ஒரே மாதிரி எழுத்து: பிரஷ்ஷால் வரைந்தது போல ஓரம் கிழிந்து, மை திட்டுத்திட்டாக இருக்கும் ஃபாண்ட். எனக்கும் அது மிகவும் பிடிக்கும். கோர் தெ கார்த் மலையடிக் கோயிலுக்கு நடந்து போகும் கூட்டத்தின் வேகம் அந்த எழுத்தில் இருக்கிறது.

ஆனால் 'அரோகரா' என்று அதில் அடித்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்குகிறேன். ர, பக்கத்திலேயே கால். ஒரே சொல்லில் இரண்டு முறை இந்த ஜோடி வருகிறது. ர-வைக் காலிலிருந்து பிரித்துக் காட்டுவது கீழே இருக்கும் அந்தச் சின்னச் சாய்வுக் கோடுதான். ஓரத்தைக் கிழிக்கும்போது முதலில் போவதும் அதுதான். ண-வின் சுழி மையில் அடைந்தால் ன ஆகிவிடும். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில்தான் தமிழ் படிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு ஒரு கோடு போனால் சொல்லே போய்விடும். தமிழ் பேசாதவர்கள்கூட இங்கே தமிழ் எழுத்தை விட்டுக்கொடுப்பதில்லை. 1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். இரண்டு ர-விலும் அதே இடத்தில் அதே கீறல். கையால் வரைந்தால் இப்படி வருமா? நல்ல ஃபாண்டில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வரைந்து, ஃபாண்டுக்குள்ளேயே இருக்கும் ஓப்பன்டைப் வசதியால் அவை மாறி மாறி வரும்படி வைத்திருப்பார்கள். 'வேல் வேல்' என்று அடித்தால் உடனே தெரிந்துவிடும். அந்த வசதி இல்லையென்றால் எழுத்தை அவுட்லைனாக, அதாவது திருத்தக்கூடிய வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, இரண்டாவது ர-வின் ஓரத்தை நீங்களே கொஞ்சம் திருத்துங்கள். இதற்குச் சோம்பல் படாதீர்கள்.

சரி, எங்கே போடலாம்? தலைப்பில், இரண்டு மூன்று சொற்களுக்கு. டீ-ஷர்ட்டின் முதுகில் பெரிதாக அருமையாக நிற்கும். ஸ்கிரீன் பிரிண்டில் மிக நுண்ணிய புள்ளிகள் மட்டும் அடைந்துபோகும், அவற்றை முன்பே நீக்கிவிடுங்கள். ஃப்ளெக்ஸில் பிரச்சினையே இல்லை. வினைல் ஸ்டிக்கருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். கிழிந்த ஓரத்தில் கோடு திரும்பும் புள்ளிகள் ஏராளம், வெட்டும் மெஷினின் கத்தி திக்கித் திக்கிப் போகும், ஒட்டிய பிறகு முனைகள் கிளம்பும்.

பூஜை நேரம், அன்னதானம், போன் நம்பர் எல்லாம் சுத்தமான எழுத்தில்தான் இருக்க வேண்டும். கையெழுத்துச் சாயலும் வேண்டும், ஓரமும் சுத்தமாக வேண்டும் என்றால் தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' ஃபாண்ட் இருக்கிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், கடை வேலைக்கும் பயன்படுத்தலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி, தமிழ் படிக்கும் ஒரு பிள்ளையை எதிரே நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். திக்கினால் எந்த எழுத்தில் என்று கேட்டு, அதன் ஓரத்தை மட்டும் திருத்துங்கள். உங்கள் பேனர் டிசைனை அனுப்பினால் அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்க்கலாம்.