ஆன் சாங்க்லேர் விலகியது சரியே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கணவர் நிதியமைச்சரானதும் பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் அரசியல் பேட்டியாளர் ஆன் சாங்க்லேர் 1997-ல் '7 சுர் 7' நிகழ்ச்சியை விட்டது சரியா, தவறா? சரியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அந்த அம்மையாரின் பெருமையை அடுக்கினார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. 1984 முதல் 13 ஆண்டுகள், டிஎஃப்1 சேனலில் ஞாயிறு மாலை 7 மணி. விருந்தினர் எதிரே உட்கார வேண்டும், அந்த வாரச் செய்திகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதிபர் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று 1994 டிசம்பர் 11 அன்று சோஷலிஸ்ட் தலைவர் ழாக் தெலோர் நாட்டுக்கு அறிவித்தது அந்த மேசையில்தான். அத்தனை கனமான நாற்காலி என்பதாலேயே எழுந்து போனது சரி என்கிறோம்.

1997 ஜூனில் பிரதமர் ஜோஸ்பன் அமைச்சரவையில் சாங்க்லேரின் கணவர் டொமினிக் ஸ்ட்ராஸ்-கான் பொருளாதாரம், நிதி, தொழில் மூன்றுக்கும் அமைச்சரானார். அந்த ஆண்டின் கடைசி மாதங்களைப் பாருங்கள். பட்ஜெட், பிரான்ஸ் டெலிகாம் பங்கு விற்பனை, வாரத்துக்கு 35 மணி நேர வேலை, யூரோவில் சேர அரசின் பட்ஜெட் பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குள் அடக்கும் பாடு. இதில் எது அவர் கணவரைத் தொடாத விஷயம்?

பேட்டியில் முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். விருந்தினர் நழுவும்போது விடாமல் கேட்கிற இரண்டாவது கேள்வியில்தான் தொழில் இருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவர் வந்து பட்ஜெட்டைத் தாக்குகிறார் என்று வையுங்கள். மடக்கிக் கேட்டால் 'புருஷனுக்காக மல்லுக்கு நிற்கிறாள்' என்பார்கள். கேட்காமல் விட்டால் 'நடுநிலை வேஷம்' என்பார்கள். பிரதமரே வந்தாலோ, அவர் கணவரின் மேலதிகாரி! எந்த விருந்தினரிடம் அந்த இரண்டாவது கேள்வியைச் சந்தேகமின்றிக் கேட்க முடியும்?

"1991 முதல் 1993 வரையிலும் கணவர் அமைச்சர்தானே, அப்போது ஏன் விலகவில்லை?" என்று மடக்கினார்கள். நல்ல கேள்வி. அன்று அவர் கையில் இருந்தது தொழில்துறையும் வெளிநாட்டு வர்த்தகமும் மட்டும். 1997-ல் வந்தது கஜானா. எல்லா அமைச்சகமும் பணத்துக்கு வந்து நிற்கிற இடம் அது.

அரசியல் பத்திரிகையாளர் ஆலென் துய்யமெலை நினைத்துப் பாருங்கள். அதிபர் வேட்பாளர் பாய்ரூவுக்கு ஓட்டுப் போடுவேன் என்று மாணவர்களிடம் சொன்ன வீடியோ வெளியானதும், 2007 தேர்தல் காலத்தில் பிரான்ஸ் 2 சேனல் அவரைத் திரையிலிருந்து நிறுத்திவைத்தது. ஒரே ஒரு ஓட்டுக்கே அந்தக் கதி!

சாங்க்லேரின் வாழ்க்கைப் பாதை அடைபட்டதா? இல்லை. அவர் டிஎஃப்1 சேனலின் நிர்வாகத்துக்கும் இணையப் பிரிவுக்கும் போனார். 2012-ல் ஹஃபிங்டன் போஸ்ட் இணையச் செய்தித்தளத்தின் பிரெஞ்சுப் பதிப்பைத் தலைமையேற்று நடத்தினார்.

"எப்போதும் பெண்தானா எழுந்து போக வேண்டும்?" என்ற கேள்வி மட்டும் உண்மையிலேயே வலிக்கிறது. கணவர் அல்லது துணைவரின் அரசியலால் திரையை விட்ட பத்திரிகையாளர்கள்: 2007-ல் பெயாத்ரீஸ் ஷோன்பெர்க், 2010-ல் ஒத்ரே புல்வார், 2019-ல் லெயா சலாமே. எல்லாரும் பெண்கள். புல்வாரின் நிகழ்ச்சியைச் சேனலே நிறுத்தியது. சாங்க்லேரோ தாமே முடிவெடுத்தார், அந்த வித்தியாசத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இந்த அநீதிக்கு மருந்து, விதியைத் தூக்கி எறிவதல்ல. மனைவி அமைச்சரானால், அரசியல் பேட்டி எடுக்கும் கணவரும் அதே வாரம் நாற்காலியை விட்டு எழ வேண்டும். எதிரணி அதைக் கேட்கட்டும், நாங்களும் சேர்ந்து குரல் கொடுக்கிறோம்.